ஆல்ஃபா லிபோயிக் ஆசிட்: பாத எரிச்சலுக்குக் கொடுக்கலாமா, சைடு எஃபெக்ட் உண்டா?

வெறுங்கால்

அப்பாவுக்கு டைப் 2 சர்க்கரை. பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், கூடவே கிளிமிபிரைடு. கொஞ்ச காலமாக இரண்டு பாதமும் எரிகிறது என்கிறார். பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்ததும் ஆரம்பித்துவிடுகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாமல் காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுக்கிறார். சொந்தக்காரர் ஒருவர் ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் 600 மி.கி. வாங்கிக் கொடு, அது சக்தி வாய்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட், இயற்கையானது, சைடு எஃபெக்டே கிடையாது என்று அடித்துச் சொல்கிறார். தேடிப் பார்த்தால் பாதிப் பேர் சர்வரோக நிவாரணி என்கிறார்கள், மீதிப் பேர் சுத்த ஏமாற்று வேலை என்கிறார்கள். யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா? எத்தனை நாளில் தெரியும்? சுகர் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

மாத்திரைப்பெட்டி

மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும். சர்வரோக நிவாரணியும் இல்லை, ஏமாற்றும் இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நம் உடம்பே தயாரிக்கிற பொருள்தான். எட்டு கார்பன் உள்ள ஒரு கொழுப்பு அமிலத்தில் இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்தால் அதுதான் லிபோயிக் ஆசிட். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் சர்க்கரையை எரித்துச் சக்தியாக்கும் என்சைம்களுக்கு இது துணைக்கு வேண்டும். உடம்புக்குத் தேவையானது மிகக் கொஞ்சம். 1951-ல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த லெஸ்டர் ரீட் இதை முதன்முதலில் தூய படிகமாகப் பிரித்தெடுத்தபோது, ஏறத்தாழ 10 டன் ஈரல் கழிவிலிருந்து கிடைத்தது 30 மி.கி.தான். அந்தக் கணக்கில் ஒரு 600 மி.கி. மாத்திரைக்கு 200 டன் ஈரல் வேண்டும். ஆகவே கடையில் கிடைப்பது எல்லாமே தொழிற்சாலையில் செய்தது. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் "இயற்கையானது, அதனால் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சுக்கு இடமில்லை. 600 மி.கி. என்பது உடம்பு ஒருநாளும் தானாகப் பார்க்காத அளவு. அது மருந்து, அப்படித்தான் நினைக்க வேண்டும்.

சாப்பிடும் முறை: வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். உணவோடு போட்டால் உறிஞ்சப்படுவது குறைகிறது, வெறும் வயிற்றில் போட்டாலே முப்பது சதவீதம் அளவுக்குத்தான் ரத்தத்தில் சேர்கிறது. சிலருக்கு வெறும் வயிற்றில் போட்டால் நெஞ்செரிச்சல், குமட்டல் வரும், அதுதான் அதிகம் கேட்கிற புகார். அப்புறம் சிறுநீரில் ஒரு நாற்றம் வரும், கந்தகம் இருப்பதால். அதைப் பார்த்துப் பயந்து ஃபோன் செய்தவர்கள் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம். தோலில் தடிப்பு, அரிப்பு வந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் அப்பா கிளிமிபிரைடு சாப்பிடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அது தனியாகவே சர்க்கரையை இறக்கிவிடும் மருந்து. லிபோயிக் ஆசிட் சேர்ந்தால் சிலருக்கு இன்னும் கொஞ்சம் இறங்கலாம். ஆரம்பிக்கும்போது வீட்டில் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள்.

சந்தேகப்பிராணி

ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் போட்டு விற்கிற எதையும் நான் நம்புவதில்லை. காரணம் இருக்கிறது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நினைத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் அதே மாதிரி இன்னொரு ஆய்வை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள், அங்கே 28 சதவீதம் அதிகம். அதற்கப்புறம் வைட்டமின் ஈ. 35,533 ஆண்களில் புராஸ்டேட் புற்றுநோய் குறைகிறதா என்று பார்த்தார்கள், 2011 கணக்குப்படி 17 சதவீதம் கூடியிருந்தது. ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான். சோதனைக் குழாயில் ஃப்ரீ ரேடிக்கலை, அதாவது செல்லைக் கெடுக்கும் மூலக்கூறுகளை, விரட்டியது, மனிதனுக்குக் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது கெட்டது நடந்தது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022-ல் இதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் தடுப்பாக பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் சாப்பிட வேண்டாம் என்றே எழுதிவிட்டது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்டை வயதான மனிதருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

மாத்திரைப்பெட்டி

@சந்தேகப்பிராணி நீங்கள் சொன்ன ஆய்வுகள் எல்லாம் சரி. ஆனால் அவை ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு நோய் வராமல் தடுக்கக் கொடுத்தவை. இங்கே கேட்பது இருக்கிற நரம்பு எரிச்சலுக்கு. இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. பீட்டா கரோட்டின் கெடுத்தது என்பதால் லிபோயிக் ஆசிட்டும் கெடுக்கும் என்று சொல்ல முடியாது, பீட்டா கரோட்டின் கெடுத்தது என்பதே தெரியாதவர்கள் இதை விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. இது ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதே எனக்குச் சந்தேகம், அதாவது உடம்புக்குள் போனபிறகு. மாத்திரை போட்டால் ஒரு மணிக்குள் ரத்தத்தில் உச்சம் தொடும், அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமிருக்காது. அவ்வளவு குறைவாக, அவ்வளவு கொஞ்ச நேரம் இருக்கிற பொருள் நாள் முழுக்க ஃப்ரீ ரேடிக்கலைத் துரத்திப் பிடிக்கும் என்பது நடக்கிற காரியமா? இப்போது பரவலாக நினைப்பது என்னவென்றால், அது செல்லைக் கொஞ்சம் சீண்டுகிறது, செல் தன் சொந்தப் பாதுகாப்பு என்சைம்களைக் கூட்டிக்கொள்கிறது. அட்டையில் போடுவதற்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் வசதியாக இருக்கிறது, போடுகிறார்கள்.

சந்தேகப்பிராணி

சரி, தடுப்பு வேறு சிகிச்சை வேறு, ஏற்றுக்கொள்கிறேன். நரம்புக்கு வேலை செய்கிறது என்று ஆதாரம் எங்கே?

மாத்திரைப்பெட்டி

இருக்கிறது, ஆனால் ஒரு "ஆனால்" உண்டு. ஜெர்மனியில் சர்க்கரை நோயாளிகளின் நரம்பு பாதிப்புக்குப் பல பத்தாண்டுகளாக மருந்தாகவே கொடுக்கிறார்கள். டான் சீக்லர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார். 1995-ல் வந்த முதல் பெரிய ஆய்வில் 328 பேருக்கு மூன்று வாரம் ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள், 600 மி.கி. ஏற்றியவர்களுக்கு எரிச்சலும் வலியும் குறைந்தன. மாத்திரையாகக் கொடுத்தது 2006-ல் வெளிவந்த சிட்னி 2 ஆய்வு, 181 பேர், ஐந்து வாரம், 600, 1200, 1800 என்று மூன்று டோஸ். குத்தல், எரிச்சல், ஊசி குத்தும் உணர்வு, மரத்துப்போதல் நான்குக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினார்கள். மாத்திரை சாப்பிட்ட மூன்று குழுவிலும் மதிப்பெண் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூன்று டோஸுக்கும் பலன் ஒன்றுதான், கூடியது குமட்டல் மட்டும். அதனால்தான் 600 என்ற எண் நிலைத்தது. யாராவது 1200 போட்டால் இரட்டைப் பலன் என்றால் நம்பாதீர்கள்.

சந்தேகப்பிராணி

அதே ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை (பிளாசிபோ) சாப்பிட்டவர்களுக்கும் 32 சதவீதம் குறைந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. பாதி குறைந்தது என்றால் பெரிதாகத் தெரிகிறது, மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நான்கு வருடம் 460 பேரை வைத்து நடத்தியது ஒன்று இருக்கிறது, நேத்தன் 1, 2011-ல் வந்தது, முதன்மையாகப் பார்க்க நினைத்த அளவுகோலில் வித்தியாசமே நிற்கவில்லை. 2024-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு வந்தது, ஆறு மாதமும் அதற்கு மேலும் நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தார்கள், தேறியது மூன்று, மொத்தம் 816 பேர். அறிகுறிகளில் பெரும்பாலும் சொல்லும்படியான பலன் இல்லை என்றுதான் முடித்தார்கள்.

மாத்திரைப்பெட்டி

அந்த "ஆனால்" இதுதான், நீங்களே சொல்லிவிட்டீர்கள். குறுகிய காலத்துக்கு, குறிப்பாக ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால், கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. வருடக்கணக்கில் விழுங்கினால் நரம்பு சரியாகிறது என்று காட்ட யாராலும் முடியவில்லை. நேத்தன் 1-ல் நரம்பு பரிசோதனையில் சில பகுதிகள் தேறியிருந்தன, அதை வைத்து வாதாடுகிறவர்கள் உண்டு, நான் வாதாட மாட்டேன். என் கணக்கு இது: ஒன்றிரண்டு மாதம் போட்டுப் பார்க்கலாம், எரிச்சல் குறைந்து தூக்கம் வந்தால் சரி, இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதற்குத் தேதி குறிக்காமல் ஆரம்பிக்கிற சப்ளிமென்ட் நிற்பதே இல்லை, டப்பா தீர்ந்தால் அடுத்த டப்பா வரும்.

காலைஓட்டம்

எனக்குச் சர்க்கரையெல்லாம் இல்லை, உடற்பயிற்சி செய்கிறேன், எடை குறையும் என்று ஜிம்மில் சொல்லி ஆரம்பித்தேன். ஆர் வகை நல்லது, எஸ் வகை வேஸ்ட், ஆர் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு என்கிறார்கள். உண்மையா?

மாத்திரைப்பெட்டி

ஆரும் எஸ்ஸும் ஒரே மூலக்கூறின் இரண்டு வடிவங்கள், இடது கையும் வலது கையும் மாதிரி. உடம்பு தயாரிப்பது ஆர் வடிவம் மட்டும். தொழிற்சாலையில் சாதாரணமாகச் செய்தால் ஆரும் எஸ்ஸும் பாதிக்குப் பாதி வரும். ஆர் வடிவம் ரத்தத்தில் எஸ்ஸைவிடக் கொஞ்சம் அதிகமாக ஏறுகிறது, அது உண்மை. ஆனால் மேலே பேசிய நரம்பு ஆய்வுகள் நடந்தது பாதிக்குப் பாதி கலவையில். ஆர் மட்டும் உள்ளது அதைவிட நன்றாக எரிச்சலைக் குறைக்கிறது என்று காட்டிய பெரிய ஆய்வை நான் பார்த்ததில்லை. தனி ஆர் வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசின் மாதிரி ஆகிவிடும், அதனால் சோடியம் உப்பாகச் செய்து விற்கிறார்கள். அதைத் தேடி வாங்க அவசியம் இல்லை. எடை விஷயம் என்றால், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 கணக்கில் வெறும் மாத்திரையைவிட அதிகமாகக் குறைந்தது சராசரியாக ஒன்றேகால் கிலோ. அதற்குத்தான் இவ்வளவு விளம்பரம்.

சந்தேகப்பிராணி

@காலைஓட்டம் உடற்பயிற்சி செய்கிறவர் என்றால் இதையும் கேளுங்கள். 2009-ல் ஜெர்மனியில் ஒரு ஆய்வு, இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்தார்கள், பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் சி 1000 மி.கி.யும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும். மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. பயிற்சி செய்யும்போது உண்டாகும் ஃப்ரீ ரேடிக்கல்தான் தசைக்கு "பலப்படு" என்று சொல்கிற சமிக்ஞை, அதை அணைத்துவிட்டால் வியர்வை சிந்தியது வீண். லிபோயிக் ஆசிட்டை அதில் சோதிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எதற்கு?

தூங்காதகண்

எல்லோரும் பலன் இருக்கிறதா இல்லையா என்றே பேசுகிறீர்கள். "சைடு எஃபெக்டே கிடையாது" என்று அந்தச் சொந்தக்காரர் சொன்னாரே, அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

என் நாத்தனாருக்குச் சர்க்கரை கிடையாது, எடை குறைப்பதற்காக இதே மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சில வாரம் கழித்து விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி எழ ஆரம்பித்தாள். நைட்டி முழுக்க நனைந்திருக்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். முதலில் பயத்தால் வருகிற படபடப்பு என்றுதான் எல்லோரும் சொன்னோம், அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஒருநாள் விடியற்காலையில் நான் அங்கே இருந்தேன், சமையலறைத் தரையில் உட்கார்ந்து சர்க்கரை டப்பாவிலிருந்து கையாலேயே அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள் ஆனால் ஆள் அடையாளம் தெரியவில்லை. என் மாமனாரின் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் 41.

அப்புறம் மருத்துவமனையில் ரத்தத்தில் இன்சுலின் அளவு பார்த்தார்கள், வழக்கமாக இருப்பதைவிடப் பல மடங்கு. கணையத்தில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள், இல்லை. யாரோ ஒரு இளம் மருத்துவர்தான் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வைட்டமின் உட்பட எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்" என்று கேட்டார். டப்பாவைப் பார்த்ததும் இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி டெஸ்ட் எழுதினார். பாசிட்டிவ்.

நாடிமானி

@தூங்காதகண் சொல்வது அரிது, ஆனால் நன்றாகப் பதிவாகியிருக்கிற விஷயம். பொது மருத்துவராக இருக்கிறேன், நான் நேரில் பார்த்ததில்லை, படித்திருக்கிறேன். இன்சுலின் ஆட்டோஇம்யூன் சிண்ட்ரோம், 1970-ல் ஜப்பானில் ஹிராட்டா என்ற மருத்துவர் முதலில் விவரித்தார், அதனால் ஹிராட்டா நோய் என்றும் சொல்வார்கள். உடம்பு தன் சொந்த இன்சுலினுக்கே ஆன்டிபாடி தயாரிக்கிறது. சாப்பிட்டபின் சுரக்கிற இன்சுலினை இந்த ஆன்டிபாடிகள் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் முதலில் சர்க்கரை ஏறும், சில மணி நேரம் கழித்துப் பிடியை விட்டுவிடும், அப்போது மொத்த இன்சுலினும் ஒரே நேரத்தில் வேலை செய்து சர்க்கரையைத் தரைக்கு இறக்கிவிடும். கந்தகம் உள்ள மருந்துகள் சில இதைத் தூண்டும். ஹைப்பர்தைராய்டுக்குக் கொடுக்கும் மெத்திமசோல் அதில் ஒன்று, லிபோயிக் ஆசிட் இன்னொன்று. குறிப்பிட்ட சில மரபணு வகை உள்ளவர்களுக்குத்தான் வருகிறது, ஜப்பானியர்களிடம் அந்த வகை அதிகம், ஐரோப்பியர்களிடம் அதற்குப் பக்கத்து வகை ஒன்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் இதை ஆராய்ந்து, அந்த மரபணு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடும் என்று சொன்னது. எந்த டோஸுக்குக் கீழே பாதுகாப்பு என்று வரையறுக்க முடியவில்லை என்றும் சொன்னது. யாருக்கு அந்த மரபணு என்று சாப்பிடுவதற்கு முன்னால் யாரும் பார்ப்பதில்லை, அதுதான் சிக்கல்.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அடங்கிவிடும்.

தூங்காதகண்

ஆமாம், அவளுக்கும் அடங்க மாதங்கள் ஆயின. அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடச் சொன்னார்கள், ராத்திரி அலாரம் வைத்து எழுந்து சாப்பிட்டாள். அரிது என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. டப்பாவில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் கோபம்.

வெறுங்கால்

ஐயோ, இதைப் படித்ததும் பயமாகிவிட்டது. அப்பாவுக்கு ஏற்கெனவே லோ சுகர் வந்திருக்கிறது. டாக்டர் சார், நேராகவே கேட்கிறேன், கொடுக்கலாமா வேண்டாமா?

நாடிமானி

பார்க்காமல் கொடு என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது. ஆனால் நானாக இருந்தால் இந்த மாத்திரையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வேறொன்றைப் பார்ப்பேன். அவர் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பி12 எப்போது பார்த்தீர்கள்? மெட்ஃபார்மின் நீண்டகாலம் சாப்பிட்டால் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது, பி12 குறைந்தாலும் இதே மாதிரிதான் பாதம் எரியும், மரத்துப்போகும், சர்க்கரையால் வருவதா பி12-ஆல் வருவதா என்று பார்வைக்குத் தெரியாது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இதற்காகவே மருத்துவர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. பி12 குறைவு என்றால் அது சரிசெய்யக்கூடியது, ஆனால் தாமதித்தால் நரம்பு முழுதாகத் திரும்பாது. லிபோயிக் ஆசிட்டைக் கொடுத்து எரிச்சல் கொஞ்சம் அடங்கிவிட்டது என்று சும்மா இருந்தால் பி12 குறைவு பின்னால் வளர்ந்துகொண்டே இருக்கும். எனக்கு இந்த மாத்திரையில் இருக்கிற பெரிய பயம் ஹிராட்டா நோய்கூட இல்லை, இதுதான்.

இரண்டாவது, சர்க்கரை சமீபத்தில் வேகமாக இறங்கியதா என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குள் எச்பிஏ1சி (சர்க்கரையின் சில மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இரண்டு மூன்று புள்ளி சட்டென்று குறைந்தால் அதனாலேயே கடுமையான நரம்பு வலி வருவதுண்டு. சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் வந்த பிறகுதான் எரிய ஆரம்பித்தது என்று குழம்புகிறவர்கள் உண்டு, காரணம் அந்த வேகம்.

மூன்றாவது, தைராய்டு, சிறுநீரகம், மது. நான்காவது, எரிச்சல் ஒரே காலில் மட்டும் என்றாலோ, கால் தளர்ந்து நடை தடுமாறினாலோ, வாரக்கணக்கில் வேகமாக மேலே ஏறினாலோ அது சாதாரண சர்க்கரை நரம்பு பாதிப்பு இல்லை, உடனே நரம்பியல் மருத்துவர்.

இதெல்லாம் பார்த்தபிறகு வலி மட்டும் மிச்சம் என்றால் அதற்கென்று நன்றாகச் சோதித்த மருந்துகள் இருக்கின்றன. டுலாக்ஸெடின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின். அவற்றுக்கும் சைடு எஃபெக்ட் உண்டு, தூக்கம், தலைச்சுற்றல், வாய் உலர்வது. ஆனால் அவற்றை எழுதும்போது மருத்துவர் அதைச் சொல்வார், நீங்களும் கவனமாக இருப்பீர்கள்.

காலைஓட்டம்

நான் வாங்கிய டப்பாவில் லிபோயிக் ஆசிட் தனியாக இல்லை, மீகோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்), பி6, ஃபோலிக் ஆசிட் எல்லாம் சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் பி12-உம் கிடைத்துவிடுகிறதே, இன்னும் நல்லதுதானே?

நாடிமானி

@காலைஓட்டம் இந்தக் கூட்டு மாத்திரைகள்தான் எனக்குப் பிடிக்காதவை. பி12 டெஸ்ட் எடுக்காமல் பி12 உள்ள மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் அப்புறம் டெஸ்ட் எடுத்தாலும் ரத்தத்தில் நன்றாகவே காட்டும், முன்னால் குறைவாக இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. பி6 இன்னும் மோசம். அது நரம்புக்கு வேண்டிய வைட்டமின்தான், ஆனால் நீண்டகாலம் அதிகமாகப் போனால் அதுவே நரம்பைக் கெடுத்து, இதே மாதிரி கால் எரிச்சலையும் மரத்துப்போவதையும் உண்டாக்கும். ஐரோப்பாவில் 2023-ல் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 12 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்று வரம்பைக் குறைத்துவிட்டார்கள். டப்பாவைத் திருப்பி பைரிடாக்ஸின், அதாவது பி6, எத்தனை மி.கி. என்று பாருங்கள். அதே பி6 நீங்கள் சாப்பிடும் மற்ற வைட்டமின் மாத்திரையிலும் எனர்ஜி பானத்திலும் இருக்கலாம், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்.

காலைஓட்டம்

பார்த்தேன். இதில் 10, மல்டிவைட்டமினில் 25. இரண்டையும் எடுத்து ஓரம் வைத்துவிட்டேன்.

மாத்திரைப்பெட்டி

இன்னும் சில விஷயங்கள், கேட்காமலேயே சொல்கிறேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லிபோயிக் ஆசிட் ஆரம்பித்தால் சில வாரம் கழித்து தைராய்டு டெஸ்டான டிஎஸ்எச் பார்த்துக்கொள்வது நல்லது, இது டி4 என்ற தைராய்டு ஹார்மோனை உடம்பு டி3-ஆக மாற்றுவதைக் குறைக்கலாம் என்று விலங்குச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். தைராய்டு மாத்திரையும் வெறும் வயிறு, இதுவும் வெறும் வயிறு என்று இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள், வேண்டாம், இடைவெளி விடுங்கள். இது உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். மது அதிகம் குடித்துத் தயமின் (வைட்டமின் பி1) குறைந்திருப்பவர்கள் தயமினைச் சரிசெய்யாமல் இதைத் தொடவே வேண்டாம்.

கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கை கால் மரத்துப்போகாமல் இருக்க இதைச் சாப்பிடலாமா என்று கேட்பதுண்டு. பிளாட்டினம் வகைக் கீமோவோடு நாளைக்கு 1800 மி.கி. கொடுத்துச் சோதித்தார்கள், பலன் இல்லை, அதோடு ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முடிவுவரை தொடரவே இல்லை. புற்றுநோய் சிகிச்சை நடக்கும்போது எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் ஆனாலும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் வாயில் போடாதீர்கள்.

வெறுங்கால்

நாடிமானி சாருக்கு நன்றி. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். பி12 வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது, எங்கள் டாக்டர் ஊசி போட ஆரம்பித்திருக்கிறார். கிளிமிபிரைடு டோஸையும் பாதியாக்கிவிட்டார். லிபோயிக் ஆசிட்டைப் பற்றிக் கேட்டேன், இப்போது வேண்டாம், ஊசிக்குப் பிறகும் எரிந்தால் பார்க்கலாம் என்றார். சொந்தக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார், அவர் ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கி அனுப்பியிருந்தார்.

சந்தேகப்பிராணி

நல்ல செய்தி. எரிச்சல் உடனே குறையாது, நரம்பு மெதுவாகத்தான் தேறும், ஆரம்பத்தில் சிலருக்குக் குறுகுறுப்பு கூடுவதும் உண்டு. அதைப் பார்த்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

நாடிமானி

ஆமாம். அதோடு தினமும் ராத்திரி அப்பாவின் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். மரத்துப்போன காலில் செருப்பு கடித்தாலும் தெரியாது. சூடான தண்ணீரில் காலை வைப்பதாக இருந்தால் முதலில் வேறு யாராவது கை வைத்துப் பார்க்க வேண்டும்.

இரட்டைவால்

தலைப்புக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. எங்கள் அம்மா இந்த மாத்திரை சாப்பிடுகிறார், நேற்று ஒன்று கீழே உருண்டு போய்விட்டது, தேடியும் கிடைக்கவில்லை. வீட்டில் பூனை இருக்கிறது. ஏதாவது ஆகுமா?

மாத்திரைப்பெட்டி

ஆகும். பூனைக்கு இது விஷம். நாயைவிட, மனிதரைவிட ஏறக்குறைய பத்து மடங்கு எளிதில் பூனையின் ஈரலைப் பாதிக்கும், ஒரு 600 மி.கி. மாத்திரை ஒரு பூனைக்கு மிக அதிகம். எச்சில் வடிதல், வாந்தி, தள்ளாட்டம், ஒரு மாதிரி வெறி பிடித்ததுபோல நடப்பது, இதில் எது இருந்தாலும் இப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், டப்பாவையும் எடுத்துப் போங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் அவருக்கு ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள். சோஃபாவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் அடியில் டார்ச் அடித்துத் தேடுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தாலும் இதே கதைதான், சில மாத்திரைகளை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வந்த கேஸ் இருக்கிறது.

இரட்டைவால்

கிடைத்துவிட்டது, அலமாரிக்குப் பின்னால். முழு மாத்திரையாகவே இருக்கிறது, பல் பட்ட தடம் இல்லை. டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டேன்.